பெருவின் விடுதலை: போராடிப் பெற்றதா, வெளியிலிருந்து வந்ததா?

இளமாறன்:

பெரு நாட்டில் ஆண்டுதோறும் ஜூலை 28 விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1821-ஆம் ஆண்டு அதே நாளில் லிமா நகரின் பெரிய சதுக்கத்தில் விடுதலையை அறிவித்த ஹொசே தெ சான் மார்ட்டின் இன்றைய அர்ஜென்டினாவில் பிறந்தவர். அவருடன் 1820 செப்டம்பரில் பிஸ்கோ அருகே கரையிறங்கிய 4,000-க்குச் சற்று மேற்பட்ட வீரர்கள் சிலியிலும் பிளாட்டா ஆற்று மாகாணங்களிலும் (இன்றைய அர்ஜென்டினா) திரட்டப்பட்டவர்கள். அவர்களை ஏற்றிவந்த கப்பற்படைக்கு ஸ்காட்லாந்துக்காரரான காக்ரேன் தலைமை தாங்கினார். மூன்றாண்டுகள் கழித்துப் போரை முடித்துவைத்த சிமோன் பொலிவாரும் அவருடைய தளபதி சுக்ரேயும் வெனிசுவேலாக்காரர்கள். இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது, பெருவின் விடுதலை அந்நாட்டு மக்கள் வென்றெடுத்ததன்று, அண்டை நாட்டார் தங்கள் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்து சேர்த்தது என்றே நான் கருதுகிறேன். 1970-களின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர்கள் எராக்லியோ போனிய்யாவும் கேரன் ஸ்பால்டிங்கும் இதே கருத்தை முன்வைத்தபோது பெருவில் பெரும் விவாதம் எழுந்தது.

இதற்கான காரணத்தை அறிய, பெரு ஸ்பானியர்களால் வெற்றிகொள்ளப்பட்ட விதத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1532 நவம்பர் 16 அன்று காஹமார்க்காவில் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோவும் அவருடன் வந்த 168 பேரும் இன்கா மன்னர் அதவால்பாவைச் சிறைபிடித்தார்கள். அறை நிறையப் பொன்னைப் பெற்றுக்கொண்ட பின்னரும் 1533-இல் அவரைக் கொன்றார்கள். ஆனால் அவர்கள் அந்தப் பேரரசை முற்றாகக் கலைத்துவிடவில்லை. அதன் உச்சியில் தாங்கள் அமர்ந்துகொண்டு, ஊர்தோறும் இருந்த குராக்கா எனப்படும் பரம்பரைத் தலைவர்களை வரி வசூலிக்கவும் ஆள் திரட்டவும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1569-இல் வந்து சேர்ந்த அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ இந்த ஏற்பாட்டை முழுமையாக்கினார். சிதறி வாழ்ந்த மக்களைப் புதிய ஊர்களில் குடியமர்த்தி, தலைவரி விதித்து, குஸ்கோ முதல் பொதோசி வரையிலான மாவட்டங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரை ஆண்டுதோறும் முறைவைத்துப் பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டார். மித்தா எனப்பட்ட அந்தக் கட்டாய உழைப்பு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்தச் செல்வம் முழுவதும் லிமா வழியாகவும் அதன் துறைமுகமான காயாவோ வழியாகவும் சென்றதால், லிமாவின் வணிகர்களும் அதிகாரிகளும் ஸ்பானியப் பேரரசால் வாழ்ந்தவர்கள். காரகாசிலும் புவனோஸ் ஐரஸிலும் 1810-இல் கிளர்ச்சி வெடித்தபோது அவர்கள் அரசப் பிரதிநிதி அபாஸ்காலுக்குப் பணம் தந்தார்கள். அப்பணத்தால் திரட்டப்பட்ட படைகள் கீட்டோவிலும் சிலியிலும் மேல் பெருவிலும் (இன்றைய பொலிவியா) விடுதலை அரசுகளைக் கவிழ்த்தன. லிமா ஸ்பெயினின் கையில் இருக்கும்வரை தங்கள் விடுதலை நிலைக்காது என்பதை உணர்ந்துதான் சான் மார்ட்டினும் பொலிவாரும் பெருவுக்கு வந்தார்கள். சான் மார்ட்டினைப் பெரு அழைக்கவில்லை.

தேன்மொழி:

நண்பர் இளமாறன் அவர்கள் தந்துள்ள தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து அவர் எட்டிய முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. அவர் பெரு என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் லிமாவைப் பொருள்கொள்கிறார். லிமா 1535-இல் பிசாரோ கடற்கரையில் நிறுவிய நகரம். மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்ததோ ஆண்டெஸ் மலைப்பகுதியில். அங்கிருந்து பார்த்தால் வரலாறு வேறு விதமாகத் தெரியும்.

1536-இல் மான்கோ இன்கா பெரும்படை திரட்டிக் குஸ்கோவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். அது தோற்ற பிறகு வில்காபம்பா காட்டுக்குள் அவர் நிறுவிய அரசு, 1572-இல் அதன் கடைசி மன்னர் முதலாம் துபாக் அமாருவின் தலை குஸ்கோ சதுக்கத்தில் வெட்டப்படும்வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள் நீடித்தது. 1742-இல் கிழக்குக் காட்டுப்பகுதியில் எழுந்த ஹுவான் சான்தோஸ் அதவால்பாவை ஸ்பானியர்களால் ஒருபோதும் பிடிக்க முடியவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது 1780-ஆம் ஆண்டு எழுச்சி. அதன் காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாவட்ட ஆட்சியாளர்களான கொரெஹிதோர்கள் கோவேறு கழுதைகளையும் துணிகளையும் தேவையற்ற பண்டங்களையும் மக்கள் தலையில் கட்டி, பல மடங்கு விலையை வலிந்து வசூலித்துவந்தார்கள். இதற்கு 1750-களில் அரசே சட்ட அனுமதி தந்திருந்தது. அதன் மேல் விற்பனை வரி 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்த்தப்பட்டுச் சுங்கச் சாவடிகளும் நிறுவப்பட்டன. 1776-இல் பொதோசியை உள்ளடக்கிய மேல் பெரு புவனோஸ் ஐரஸ் ஆட்சிக்கு மாற்றப்பட்டதால், குஸ்கோவுக்கும் பொதோசிக்கும் இடையே நடந்துவந்த பழைய வணிகம் நலிந்தது. அந்தப் பாதையில் கழுதைச் சுமை வணிகம் நடத்தியவர்தான் துங்கசூக்காவின் குராக்காவான ஹொசே கப்ரியேல் கொந்தோர்கான்கி. தம் மக்களைப் பொதோசி மித்தாவிலிருந்து விடுவிக்கும்படி அவர் லிமாவுக்கே சென்று முறைப்படி மனுச் செய்தார்; மனு ஏற்கப்படவில்லை. வில்காபம்பாவின் கடைசி மன்னரது வழிவந்தவர் என்ற உரிமையில் இரண்டாம் துபாக் அமாரு என்ற பெயரைத் தாங்கிய அவர், 1780 நவம்பர் 4 அன்று கொரெஹிதோர் அர்ரியாகாவைச் சிறைபிடித்து, ஆறு நாள்களில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டார். நவம்பர் 16 அன்று, தம் பக்கம் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என அறிவித்தார்.

அவருடைய மனைவி மிக்காயேலா பஸ்திதாஸ் படைக்கு உணவும் ஆயுதமும் பணமும் திரட்டியதோடு, காலம் தாழ்த்தாமல் குஸ்கோவைத் தாக்கும்படி டிசம்பரில் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. அவர் சொன்னபடி உடனே சென்றிருந்தால் நகரம் வீழ்ந்திருக்கக் கூடும் என்று நான் நம்புகிறேன். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் கணவரின் கண் முன்னே மிக்காயேலாவையும் மூத்த மகன் இப்போலித்தோவையும் கொன்ற பின்னரே துபாக் அமாருவைக் கொன்றார்கள். அத்துடன் போர் ஓயவில்லை. துபாக் கத்தாரி தலைமையில் லா பாஸ் நகரம் அதே ஆண்டில் மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. இறந்தோர் தொகை ஒரு லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இத்தனை குருதி சிந்திய ஒரு நாட்டுக்கு விடுதலை வெளியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இளமாறன்:

சகோதரி தேன்மொழி விவரித்த எழுச்சியின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் அதை விடுதலைப் போர் என்று அழைப்பதற்குத் தடையாக நிற்கும் ஒரு செய்தியை அவர் குறிப்பிடவில்லை. துபாக் அமாரு, ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸின் ஆணைப்படியே கொரெஹிதோரைத் தண்டிப்பதாக அறிவித்தார். தீய அதிகாரிகளை ஒழிக்க வேண்டும், மன்னருக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பணிந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய வெளிப்படையான அறிவிப்புகளின் சாரம். மன்னரிடமிருந்து பிரிய விரும்பாத ஒருவரை விடுதலையின் முன்னோடி எனக் காட்டுவது, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களின் தேவையை அவர் மீது ஏற்றுவதாகும். 1968-இல் ஆட்சியைப் பிடித்த வெலாஸ்கோவின் இராணுவ அரசு துபாக் அமாருவின் உருவத்தைத் தன் நிலச் சீர்திருத்தத்தின் சின்னமாக்கியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மேலும், அந்த எழுச்சியின் விளைவு விடுதலைக்கு நேர் எதிரானதாக இருந்தது. மலைப்பகுதி மக்கள் ஆயுதம் ஏந்தினால் என்ன நேரும் என்பதைக் கண்ட கிரியோல்கள், அதாவது அமெரிக்க மண்ணில் பிறந்த ஸ்பானிய வழியினர், அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் ஸ்பானியப் படையின் நிழலிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

அருள்நம்பி:

இருவரும் ஒரே தவறான எடுகோளிலிருந்து வாதாடுகிறீர்கள் என்று தோன்றுவதால் இதில் தலையிடுகிறேன். மலைவாழ் மக்கள் அனைவரும் ஒரே பக்கம் நின்றதாக ஒருவரும், அவர்கள் எதையும் தீர்மானிக்கவில்லை என்று மற்றவரும் கொள்கிறீர்கள். துபாக் அமாருவைத் தோற்கடித்த படைகளில் ஒன்றை நடத்தியவர் சின்சேரோவின் குராக்காவான மத்தேயோ புமகாவா. குஸ்கோவின் இன்கா பிரபுக்களில் பெரும்பாலோர் மன்னர் பக்கமே நின்றார்கள்.

வெற்றிகொள்ளலின் தொடக்கத்திலிருந்தே நிலைமை இதுதான். 168 பேரால் ஒரு பேரரசு வீழ்ந்தது என்ற கதை முழுமையற்றது. அதவால்பாவுக்கும் அவருடைய சகோதரர் வாஸ்காருக்கும் இடையே அப்போதுதான் உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. இன்கா ஆட்சியால் நசுக்கப்பட்டிருந்த வாங்கா, காஞாரி, சாசப்போயா மக்கள் ஸ்பானியர்களுக்கு வீரர்களையும் உணவையும் சுமை தூக்குவோரையும் தந்து உதவினார்கள். அவர்கள் ஏமாளிகள் அல்லர். தங்கள் பழைய எதிரியை வீழ்த்த வாய்ப்புக் கிடைத்ததாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கின் விலை பின்னர்தான் தெரிந்தது. நோய்களும் கட்டாய உழைப்பும் சேர்ந்து, இன்றைய பெருவின் எல்லைக்குள் 1520-இல் 90 லட்சமாக இருந்திருக்கக் கூடிய மக்கள்தொகையை ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 6 லட்சமாகக் குறைத்ததாக ஒரு மதிப்பீடு உண்டு.

இளமாறன் அவர்களுக்கு ஒரு கேள்வி. 1824 டிசம்பர் 9 அன்று ஆயகூச்சோ சமவெளியில் சுக்ரேயின் 6,000-க்குச் சற்றுக் குறைவான வீரர்களை எதிர்த்து நின்ற, ஏறத்தாழ 9,000 பேர் கொண்ட அரசப் படையில் ஐரோப்பாவில் பிறந்தவர்கள் சிறு பகுதியினரே. எஞ்சியோர் பெரும்பாலும் குஸ்கோவையும் மேல் பெருவையும் சேர்ந்தவர்கள். கெச்சுவாவும் அய்மாராவும் பேசியவர்கள். எதிர்ப்பக்கத்தில் பெரும்பகுதி கொலம்பியர்கள் (வெனிசுவேலாவையும் உள்ளடக்கிய அன்றைய கொலம்பியாவினர்). அப்படியானால் அங்கே வென்றது யார், தோற்றது யார்?

கயல்விழி:

நான் சுருக்கமாக ஒன்றைக் கேட்கிறேன். விடுதலை யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், அதை யார் பெற்றுத் தந்தார்கள் என்பதும் ஓரளவு தெளியும் அல்லவா? சான் மார்ட்டின் 1821 ஆகஸ்டில் தலைவரியையும் கட்டாய உழைப்பையும் ஒழித்து ஆணையிட்டார். அடிமைகளுக்கு ஜூலை 28-க்குப் பின் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்றும் அறிவித்தார். அந்த ஆணைகள் பின்னர் என்ன ஆயின?

அருள்நம்பி:

நல்ல கேள்வி, அம்மா. ஆணைகள் நிலைக்கவில்லை. 1826-இலேயே தலைவரி ‘பழங்குடியினர் பங்களிப்பு’ என்ற பெயரில் திரும்பி வந்தது. போரில் கருவூலம் வற்றியிருந்த குடியரசுக்கு அதுவே முதல் முப்பது ஆண்டுகளில் முதன்மை வருவாய்களில் ஒன்றாக இருந்தது. கடற்பறவை எச்சமான குவானோவை ஐரோப்பாவுக்கு உரமாக விற்றுப் பணம் குவிந்த பின்னரே, 1854-இல் ரமோன் காஸ்தியாவால் அதை ஒழிக்க முடிந்தது. அடிமை முறையும் அதே ஆண்டில்தான் ஒழிந்தது. உரிமையாளர்களுக்குத்தான் இழப்பீடு தரப்பட்டது.

இதைவிட ஆழமான காயம் நிலத்தில் ஏற்பட்டது. ஸ்பானியச் சட்டம் கொடியதாக இருந்தாலும், வரியும் உழைப்பும் தருவதற்கு ஈடாக ஊர்களின் பொது நிலத்தை அது ஏற்றுக்கொண்டிருந்தது. நிலத் தகராறுகளில் மக்கள் நீதிமன்றம் சென்று பல முறை வென்றும் உள்ளார்கள். பொலிவார் 1824-இல் துருஹியோவில் பிறப்பித்த ஆணை அந்தப் பொது நிலங்களைத் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பிரித்து, விற்கவும் உரிமை தந்தது. 1825-இல் குராக்கா பட்டத்தையும் அவர் ஒழித்தார். சமத்துவம் என்ற நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத உழவரையும் பெரும் பண்ணையாரையும் சம உரிமை உடைய விற்பவராகவும் வாங்குபவராகவும் நிறுத்தியதன் விளைவை, அடுத்த நூறாண்டுகளில் பெருகிய பண்ணைகள் காட்டின. எழுத்தறிவற்றோருக்கு வாக்குரிமை 1979-ஆம் ஆண்டு அரசமைப்பில்தான் கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவேதான் வான்தா பகுதியின் கெச்சுவா உழவர்கள், ஆயகூச்சோ போர் முடிந்த பிறகும், 1825 முதல் 1828 வரை, கழுதைச் சுமை வணிகரான அந்தோனியோ வாச்சாக்காவின் தலைமையில் ஸ்பானிய மன்னரின் பெயரால் குடியரசை எதிர்த்துப் போரிட்டார்கள். அவர்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று ஒதுக்கினால், நாம் அவர்களுக்கு அநீதி இழைக்கிறோம்.

தேன்மொழி:

முதலில் இளமாறன் அவர்களுக்கு. மன்னரின் பெயரால் பேசியவர் விடுதலைப் போராளி ஆகமாட்டார் என்றால், 1809-இல் கீட்டோவிலும் 1810-இல் காரகாசிலும் சிலியிலும் ஆட்சிக் குழு அமைத்தவர்களையும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். நெப்போலியனால் சிறைவைக்கப்பட்ட ஏழாம் பெர்னாந்தோவின் உரிமையைக் காப்பதாகவே அவர்கள் அனைவரும் உறுதிமொழி எடுத்தார்கள். கிரியோல்கள் அதைச் செய்தபோது சூழ்ச்சித் திறன் என்றும், ஓர் இன்கா வழியினர் செய்தபோது உண்மையான பணிவு என்றும் எடுத்துக்கொள்வது நியாயமன்று.

இரண்டாவதாக, 1814-ஐ இருவரும் தொடவே இல்லை. ஸ்பெயினின் காதிஸ் நகரில் இயற்றப்பட்ட 1812-ஆம் ஆண்டு அரசமைப்பைச் செயல்படுத்த அதிகாரிகள் மறுத்ததால், அங்குலோ சகோதரர்கள் 1814 ஆகஸ்டில் குஸ்கோவைக் கைப்பற்றி, லா பாஸ், வாமங்கா, அரேக்கீப்பா ஆகிய மூன்று திசைகளிலும் படை அனுப்பினார்கள். அரேக்கீப்பாவைப் பிடித்த படையின் தலைவர் யார் தெரியுமா? முப்பது ஆண்டுகளுக்கு முன் துபாக் அமாருவை எதிர்த்த அதே புமகாவா. எழுபது வயதைக் கடந்திருந்த அவர், 1815 மார்ச்சில் உமச்சீரியில் தோற்றுச் சிக்குவானியில் கொல்லப்பட்டார். உமச்சீரியிலேயே பிடிபட்ட இளங்கவிஞர் மரியானோ மெல்கார் சுட்டுக் கொல்லப்பட்டார். குராக்காவும் கிரியோலும் பாதிரிமாரும் உழவரும் ஒரே அணியில் நின்ற அந்த எழுச்சியை அடக்கியவை லிமாவின் பணமும் அரசப் படையும். சான் மார்ட்டின் வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே பெருவியர் தாமாக எழுந்து தோற்றிருக்கிறார்கள். தோற்றதனாலேயே அவர்களுக்கு விருப்பமில்லை என்று எழுதிவிடலாகாது.

அருள்நம்பி ஐயா சொன்ன வான்தா உழவர்களின் கதையை நான் மதிக்கிறேன். ஆனால் அதே வட்டாரத்தில், சில நாள் நடைத் தொலைவில் இருக்கும் காங்காயோ ஊர் விடுதலைப் பக்கம் நின்றதற்காக 1822-இல் அரசப் படையால் எரிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே வாமங்காவில் மரியா பராதோ தெ பெயீதோ என்ற பெண், கொரில்லாப் படையில் இருந்த தம் கணவருக்கு எதிரியின் நகர்வுகளைத் தெரிவித்த குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதத் தெரியாத அவர் பிறரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தவர். எழுதியவர் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

இளமாறன்:

1814-ஆம் ஆண்டு எழுச்சி குறித்துத் தேன்மொழி எழுதியது வலுவான வாதம். அதை மறுக்க நான் முயலவில்லை. ஆயினும் முயற்சி ஒன்று, முடிவு வேறு. 1821-க்குப் பின் பெருவியத் தலைவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். முதல் குடியரசுத் தலைவரான ரீவா அகுவேரோ, நாடாளுமன்றமான காங்கிரசோடு பிணங்கிய பின் அரசப் பிரதிநிதி லா செர்னாவுடன் பேச்சு நடத்தி, அதனால் 1823 நவம்பரில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவருக்குப் பின் வந்த தோர்ரே தாக்லே, 1820 டிசம்பரில் துருஹியோவில் விடுதலையை அறிவித்த பெருமைக்குரியவர். அவரே 1824-இல் அரசப் பக்கம் சாய்ந்து, காயாவோ கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்து, முற்றுகையின்போது நோயுற்று இறந்தார். லிமாவின் உயர்குடியினர் பலர் அதே கோட்டையில் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். ஸ்பானியத் தளபதி ரோதில் 1826 ஜனவரியில்தான் சரணடைந்தார். முதல் இரு தலைவர்களும் எதிரியுடன் பேசிய ஒரு நாட்டில், பொலிவாரின் கொலம்பியப் படை இல்லாமல் விடுதலை நிலைத்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

தேன்மொழி:

இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் படை தேவைப்பட்டது. ஆனால் அந்தப் படை எதைக் கொண்டு வாழ்ந்தது என்றும் நீங்கள் பார்க்க வேண்டும். 1821 ஜூலையில் லா செர்னா லிமாவை விட்டு வெளியேறியது ஒரு போரில் தோற்றதால் அன்று. காக்ரேனின் கப்பல்கள் கடல்வழியை அடைத்திருந்தன. மலைவழிகளை மொந்தொனேரோக்கள் எனப்பட்ட உள்ளூர்க் கொரில்லாக் குழுக்கள் அடைத்திருந்தன. உணவும் தானியமும் நகருக்குள் வராமல் நின்றதோடு நோயும் சேர்ந்து அரசப் படையை அரித்தது. அக்குழுக்களில் இருந்தோர் மத்திய மலைப்பகுதியின் உழவர்களும் சுரங்கத் தொழிலாளரும் கழுதை ஓட்டிகளும் சிறு வணிகரும். 1824 ஆகஸ்ட் 6 அன்று ஹூனின் சமவெளியில், தோல்வியின் விளிம்பில் இருந்த பொலிவாரின் குதிரைப்படையைக் காப்பாற்றியது பெருவியக் குதிரைப்பிரிவின் பாய்ச்சல்தான். அதனால்தான் அப்பிரிவுக்கு ஹூனின் என்ற பெயரை அவரே சூட்டினார். நீங்கள் குறிப்பிடும் இரு தலைவர்களும் லிமாவின் உயர்குடியினர். அவர்கள் தடுமாறினார்கள் என்பது என் வாதத்துக்கே துணை செய்கிறது.

அருள்நம்பி:

தேன்மொழி, காங்காயோ பற்றி நீங்கள் எழுதியதைத் தொடர்ந்து இதை மட்டும் சேர்க்கிறேன். காங்காயோவும் வான்தாவும் ஒரே மொழி பேசிய, ஒரே வரியைச் செலுத்திய ஊர்கள். ஒன்று சான் மார்ட்டின் பக்கமும் மற்றொன்று மன்னர் பக்கமும் நின்றன. காங்காயோவின் குதிரை வளர்ப்போருக்கு அரசப் படை தங்கள் கால்நடைகளைப் பறித்த படை. வான்தா உழவர்களுக்கோ, குடியரசுதான் தண்ட வரி விதித்த அரசு. கோக்கா விளைச்சலில் பங்கு கேட்டதும் அதுவே. எந்த ஊர் எந்தப் பக்கம் நின்றது என்பதை அந்தந்த ஊரின் நிலம், வரி, படை கடந்துசென்ற பாதை ஆகியவற்றைக் கொண்டே விளக்க முடியும். வெளியார் தந்ததா, உள்ளூரார் வென்றதா என்ற கேள்விக்கு நாடு முழுமைக்குமாக ஒரு விடை இருக்கும் என்று நான் நம்பவில்லை. குஸ்கோவுக்கு 1814-ஐ வைத்தும், லிமாவுக்கு 1821-ஐ வைத்தும், வான்தாவுக்கு 1828-ஐ வைத்தும் தனித்தனியே விவாதிப்போமாயின், அடுத்த இழையைக் குஸ்கோவிலிருந்து தொடங்கும் பொறுப்பைத் தேன்மொழி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.